விளக்கம் சொல்லியே கெட்ட கதை

எஸ். ஜே. வாட்சனின் 'பிஃபோர் ஐ கோ டு ஸ்லீப்' 2011-இல் வந்து சக்கைப்போடு போட்ட நாவல். 2014-இல் நிக்கோல் கிட்மன் நடித்துப் படமாகவும் வந்தது. எனக்குக் கிடைத்தது இப்போதுதான், சிங்கப்பூர் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடையில். நான் தாதிமை இல்லத்தில் வேலை பார்ப்பவள். ஞாபகம் தப்பியவர்களோடுதான் என் பொழுது போகிறது. அட்டையின் பின்பக்கத்தைப் படித்ததுமே பையில் போட்டுக்கொண்டேன்.

கிறிஸ்டீன் கண் விழிக்கிறாள். தெரியாத படுக்கை, பக்கத்தில் மோதிரம் போட்ட ஓர் ஆண். கல்யாணமானவனோடு வந்து படுத்துவிட்டோமே என்று பதறிக் குளியலறைக்குப் போகிறாள். சோப்பை எடுத்த கை சுருங்கியிருக்கிறது. கண்ணாடியில் 47 வயதுப் பெண். சுற்றிலும் அவளும் அந்த ஆணும் சேர்ந்திருக்கும் படங்கள். தூங்கி எழுந்தால் அவளுக்கு நேற்று என்பதே இல்லை. கணவர் பென் தினமும் முதலிலிருந்து எடுத்துச் சொல்கிறார். டாக்டர் நாஷ் அவருக்குத் தெரியாமல் ஃபோன் போட்டு, ஒளித்துவைத்த நாட்குறிப்பை எடுக்கச் சொல்கிறார். முதல் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது: பென்னை நம்பாதே.

எங்கள் இல்லத்துப் பாட்டி ஒருவர் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யார் வீட்டுப் பிள்ளைம்மா?" என்பார். நான் எதைச் சொன்னாலும் அவர் நம்பித்தான் ஆகவேண்டும். அந்த நிலைமையின் பயங்கரத்தை வாட்சன் அப்படியே பிடித்திருக்கிறார். நாட்குறிப்புப் பகுதி நீளம்தான், ஆனால் ஒவ்வொரு நாளும் பென் சொல்லும் கதை கொஞ்சம் கொஞ்சம் மாறுவதைக் கவனிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

1953-இல் மூளை அறுவைக்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் 2008 வரை வாழ்ந்த ஹென்றி மொலைசனின் வாழ்க்கைதான் இதற்குத் தூண்டுதல். அவருக்கு நிமிடக் கணக்கில் மறந்துபோகும். பகல் முழுக்கத் தங்கி, தூங்கினால் மட்டும் அழிகிற ஞாபகம் கதாசிரியரின் வசதிக்கு. பரவாயில்லை, விட்டுவிடலாம்.

முடிவைத்தான் விட முடியவில்லை. படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

பிரைட்டன் ஹோட்டல் அறையில் 'பென்' உண்மையில் பென்னே இல்லை என்று தெரிகிறது. சரி, நல்ல திருப்பம். அதற்குப் பிறகு வில்லன் நின்று நிதானமாக எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான். அப்புறம் தீ, ஆஸ்பத்திரி, மிச்சத்துக்கு டாக்டர் விளக்கம். பராமரிப்பு இல்லத்தில் இருந்தவளை அவன் எப்படி வீட்டுக்குக் கூட்டிவந்தான்? அதற்கு நாவல் சொல்லும் சமாதானம் எனக்கு ஒட்டவே இல்லை. எங்கள் இடத்தில் ஒருவரை மதியச் சாப்பாட்டுக்கு வெளியே கூட்டிப்போகக்கூட அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போடவேண்டும், தெரியுமா! போதாக்குறைக்கு அவளுக்கு ஞாபகம் திரும்பிவிடுமோ என்று ஒரு நம்பிக்கை வேறு. அத்தனை நாள் அவளோடு சேர்ந்து பயந்தவர்களுக்கு இது கைக்குட்டை நீட்டுகிற மாதிரி இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு முடிவுதான் பிடித்ததாம். அவர் எந்தக் கதையிலும் எல்லாரும் நல்லபடியாக இருக்கவேண்டும் என்பவர்.

காசு போட்டு வாங்க வேண்டாம், நூலகத்தில் இரவல் எடுங்கள். மூன்று வாரத் தவணை தாராளமாகப் போதும். இரவு ஷிஃப்டில் மட்டும் எடுத்துவிடாதீர்கள். நடுவில் யாராவது மணியடித்துக் கூப்பிட்டால் எழுந்திருக்க மனசு வராது.