மூன்று முடிச்சும் ஒரு குளோன் பிரஷும்

கணினியில் மரப்பட்டை ஒன்றை வரைந்து கொண்டிருந்தேன். அடிமரம் வெறுமையாக இருந்ததால், மேலே வரைந்திருந்த பகுதியையே குளோன் செய்து, அதாவது பிரஷால் அப்படியே நகலெடுத்துத் தீட்டி, நிரப்பிவிட்டேன். படத்தைப் பார்த்த நண்பர் முதலில் கேட்டது: "இந்த முடிச்சு ஏன் மூன்று இடத்தில் இருக்கிறது?" அன்றிலிருந்து எந்த மென்பொருளின் குளோன் பிரஷையும் ஒரே கேள்வியோடுதான் அணுகுகிறேன். நகல் என்பதை மறைக்க இது எனக்கு எவ்வளவு உதவும்?

அந்த வகையில் போட்டோஷாப்பின் குளோன் ஸ்டாம்ப் முந்திக்கொள்கிறது. ஆல்ட் விசையை அழுத்திச் சொடுக்கினால் மூலப்புள்ளி, அதாவது எங்கிருந்து நகலெடுக்க வேண்டும் என்ற இடம், பதிவாகிறது. இப்படி 5 மூலங்கள் வரை தனிப் பேனலில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் சுழற்றவும், சிறிதாக்கவும் பெரிதாக்கவும் முடியும். அதே முடிச்சைச் சற்றுச் சாய்த்து, முக்கால் அளவாக்கி வைத்தால் கண் எளிதில் ஏமாறும்.

கட்டணமே இல்லாத கிம்ப்பில் ஆல்ட்டுக்குப் பதில் கன்ட்ரோல் விசை. இதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஓடு பதித்த தரை தூரத்தில் குறுகிக்கொண்டே போகிறதென்றால், அதற்கேற்ப நகலையும் குறுக்கித் தரும் பெர்ஸ்பெக்டிவ் குளோன் கருவி தனியாக உண்டு. இன்னொன்று, ரெஜிஸ்டர்டு என்ற அமைப்பு. கன்ட்ரோலோடு பழைய லேயரை (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கை)ச் சொடுக்கிவிட்டுப் புதிய லேயரில் தீட்டினால், பழையது அதே இடத்தில் அப்படியே மேலே வரும். கெடுத்துவிட்ட முகத்தில் மூக்கை மட்டும் மீட்டெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஓவிய மென்பொருளான கிரிட்டா போகும் வழியே தனி. அங்கே குளோன் என்பது கருவிப்பட்டியில் இருக்கும் கருவி கிடையாது. மற்ற பிரஷ்களைப் போல அதுவும் ஒரு பிரஷ் எஞ்சின், அதாவது பிரஷ் எப்படித் தீட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் முறை. அதனால் வரையும் ஓட்டம் அறுபடுவதில்லை. நகலெடுத்துவிட்டு '/' விசையைத் தட்டினால் பழைய பிரஷ் கைக்கு வந்துவிடும். கர்சர் அமைப்பில் பிரஷின் வெளிக்கோடு தெரியும்படி வைக்காவிட்டால், மூலம் எங்கே இருக்கிறது என்பதே புலப்படாது. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

கோரல் பெயின்டர் என்ற ஓவிய மென்பொருளை இந்த வரிசையில் வைப்பதே ஒரு வகையில் தவறு. அதன் குளோனர் பிரஷ்களில் பெரும்பாலானவை மூலப்படத்திலிருந்து நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. கோடு, அழுத்தம், தூரிகை மயிரின் தடம் எல்லாம் வரைபவருடையவை. டிரேசிங் பேப்பர் என்ற வசதியை இயக்கினால் மூலம் மங்கலாகத் தெரியும். புகைப்படத்தை எண்ணெய் ஓவியம் போல மாற்ற இதுதான் சரி. பட்டையில் விட்டுப்போன இடத்தை நிரப்ப இதை எடுத்தால் வேலை இரட்டிப்பாகும்.

என் பட்டையைக் கிரிட்டாவிலேயே திருத்தினேன். நீண்ட இழுப்பாக நகலெடுக்காமல், நான்கைந்து இடங்களில் மூலத்தை மாற்றிச் சிறு சிறு ஒற்றல்களாக வைத்தேன். மீதமிருந்த இரண்டு முடிச்சுகளையும் சாதாரண பிரஷால் மூடிவிட்டேன்.