340 பவுண்டு போச்சு: பழைய பறவை எட்சிங் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

நேற்றிரவு விற்றவரின் கடைசிப் பதிலும் வந்துவிட்டது. 340 பவுண்டு திரும்பாது.

பழைய அச்சுப்படங்களை ஏலம் விடும் ஓர் இணையதளம். "பிரான்சிஸ் பார்லோ வரைந்தது, வென்செஸ்லாஸ் ஹோலர் செப்புத் தகட்டில் எட்சிங் செய்தது, 17ஆம் நூற்றாண்டு அசல்" என்று போட்டிருந்தார்கள். எட்சிங் என்றால் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மை பூசி அச்செடுப்பது. ஓடைக்கரையில் வாத்துகள், பின்னால் மரங்களும் வயல்வெளியும்.

நம்ப வைத்தது ஒரே ஒரு புகைப்படம். பக்கவாட்டு வெளிச்சத்தில், படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் அப்படியே தெரிந்தது. ஈரக் காகிதத்தையும் தகட்டையும் சேர்த்து உருளைகளுக்கு நடுவே விடும்போது விழும் பள்ளம் அது. பார்த்த உடனே பணம் கட்டினேன். "பின்பக்கம் ஒட்டிய தாளைப் பிரிக்காதீர்கள், காகிதம் கிழிந்துவிடும்" என்று அக்கறையாக ஒரு வரி வேறு. திருப்பி அனுப்பத் தந்த 14 நாளையும் தின்றது அந்த வரிதான்.

பிரேமைப் பிரித்து 10 மடங்கு லென்ஸை வைத்தால், வாத்தின் சிறகு முழுக்கப் புள்ளி வலை, புகைப்படத்திலிருந்து அச்சடித்த நகலில் வருவது! எட்சிங்கில் அது வரவே வராது. மெழுகுப் பூச்சை ஊசியால் கீறி, அமிலத்தில் அரித்த பள்ளத்தில் மை நிற்கும். அச்சில் அந்தக் கோடு காகிதத்தின்மேல் மெல்லிய மேடாக எழும். சாம்பல் நிறமெல்லாம் கோடுகளின் நெருக்கத்தில் வருவதுதான். இதுவோ தொட்டால் வழவழவென்று தட்டை. காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். அந்தக் காலத்து ஐரோப்பியக் காகிதத்தில் அதை வார்த்த சல்லடையின் கம்பி வரிகள் தெரிய வேண்டும், ஒன்றுமில்லை. பழுப்பு நிறம் இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்கிறது, சாயம் ஏற்றியது. தடமும் பொய்: வெறும் தகட்டை வைத்து அழுத்தினாலே அது விழும். அருங்காட்சியகப் பட்டியலில் உள்ள அளவைவிட 11 மி.மீ. அகலம் கூடுதல். ஈரக் காகிதம் காய்ந்து சுருங்குவதால் இரண்டு மூன்று மி.மீ. மாறலாம், 11 மாறாது.

விற்றவருக்கு எழுதினேன். முதல் பதில்: "பழைய காகிதம் அப்படித்தான் இருக்கும்." அடுத்தது: "'பார்லோவைத் தழுவி' என்றும் எழுதியிருந்தோமே." அச்சுப்பட வியாபாரத்தில் அதற்கு, வரைந்தவர் ஒருவர் தகட்டில் பொறித்தவர் இன்னொருவர் என்றுதான் பொருள். நகல் என்று எவரும் சொல்வதில்லை! மூன்றாவது: "கெடு முடிந்தது." இணையதளமோ, விற்றவரிடமே பேசச் சொல்லிவிட்டது. 340 பவுண்டு!

பணம் கட்டும் முன் சிறகின் நெருக்கப் படம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த படம், பின்பக்கப் படம், தடத்தின் அளவு எல்லாம் கேட்டு வாங்குங்கள். ஹோலர் என்றால், அவருடைய எட்சிங்குகளை எண்ணிட்டுப் பென்னிங்டன் தொகுத்த 1982 பட்டியலில் அந்தப் படத்தின் எண்ணையும் கேளுங்கள். பிரேமைப் பிரிக்க மாட்டேன் என்றால் வாங்காதீர்கள். வந்த அன்றே பிரித்துப் பாருங்கள்.