தாது தேட எந்தச் செயற்கைக்கோள்: சென்டினலா, ஆஸ்டரா, ஹைப்பர்ஸ்பெக்ட்ரலா?

பெங்களூரில் புவியியல் படிக்கும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எதில் படம் தெளிவா இருக்கும்?" என்றுதான். தாது தேடுகிறவர் கேட்க வேண்டியது வேறு. 2,000 முதல் 2,500 நானோமீட்டர் வரையுள்ள குறுஅலை அகச்சிவப்பை அந்தக் கருவி எத்தனை பட்டைகளாக, அதாவது அலைநீளத் துண்டுகளாக, பிரித்துப் பார்க்கிறது? களிமண் கனிமங்களும் மைக்காவும் பிடிபடுவது அங்கேதான்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 இலவசம், 5 நாளுக்கு ஒரு படம். இரும்புக்கு இது தாராளமாகப் போதும். சிவப்புப் பட்டையை நீலப் பட்டையால் வகுத்தால் சந்தூர் மலைமுகடுகளின் ஹெமடைட் என்ற இரும்புத் தாது பளிச்சென்று எழும். ஆனால் கோலார்ப் பக்கத்துச் செம்மண்ணும் அதே மாதிரி எழுந்து ஏமாற்றும். களிமண் விஷயத்தில் இன்னும் மோசம். 2,190-ஐச் சுற்றி ஒரே ஒரு அகலப் பட்டைதான். கயோலினைட் என்ற களிமண், மஸ்கோவைட் என்ற மைக்கா, அலுனைட் என்ற சல்பேட் கனிமம் மூன்றும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும்.

என் ஓட்டு ஆஸ்டருக்கு. 1999 டிசம்பரில் நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளோடு ஏறிய பழைய கருவி. அதே பகுதியில் இதற்கு ஐந்து பட்டைகள். மஸ்கோவைட் ஆறாம் பட்டையில் ஒளியை விழுங்கும். அதனால் 5, 7 இரண்டையும் கூட்டி 6-ஆல் வகுத்தால் அது தனியே தெரியும். நம் தீபகற்பத்தில் இதன் அருமை அதிகம். வெயிலிலும் மழையிலும் மக்கிய சாதாரணப் பாறையே கயோலினைட்டைத் தரும். அதைத் தாதுக் குறி என்று நினைத்துக் கிளம்பினால் அலைச்சல்தான் மிச்சம். சூடான கரைசல் பாய்ந்து மாறிய பாறையைத் தேடுகிறவருக்கு மஸ்கோவைட்டையும் கயோலினைட்டையும் பிரித்துக் காட்டும் கருவி வேண்டும்.

ஆஸ்டரின் குறுஅலை உணரி 2008 ஏப்ரலில் செயலிழந்தது. அதைப் பெரிய குறையாக நான் எண்ணவில்லை. பாறை மாறவில்லை; மாறியது மேலே எழுந்த கட்டடங்கள்தான். ஹொசகோட்டே பக்கம் இன்று லேஅவுட் போட்ட நிலம் அந்தப் பழைய படங்களில் வெறும் தரையாகவே கிடக்கிறது. 2016 முதல் அவை எல்லோருக்கும் இலவசம்.

ஹைப்பர்ஸ்பெக்ட்ரலில் ஜெர்மனியின் என்மேப் (2022), இஸ்ரோவின் ஹைசிஸ் (2018) இரண்டும் ஒளியை நூற்றுக்கணக்கான பட்டைகளாகப் பிரிப்பவை. படத்தின் அகலம் 30 கிலோமீட்டர்தான். இடத்தைக் குறுக்கிய பிறகு உறுதிசெய்ய எடுங்கள். தேடலைத் தொடங்க அல்ல. நம் பெங்களூரின் பிக்செல் நிறுவனம் 2025-இல் ஏவிய ஃபயர்ஃபிளை 5 மீட்டர் வரை நுணுக்கமாகப் பார்க்கும். ஆனால் அது பார்ப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அதை ஒட்டிய அகச்சிவப்பையும். இரும்புக்கு உதவும், களிமண்ணுக்கு உதவாது.

இவற்றில் எதுவும் மண்ணுக்குள் பார்ப்பதில்லை. 2001-இல் மூடிய கோலார் தங்கவயலில் நம் ஜனங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் துரத்தியது மெல்லிய குவார்ட்ஸ் நரம்புகளை. 30 மீட்டர்ப் படப்புள்ளியில் அவை தெரியாது. செடிகொடி மூடிய மலைநாட்டிலும் இதே கதி. எங்கே நடக்கலாம் என்பதைப் படம் சொல்லும். மீதி, மாதிரியும் துளையும் சொல்ல வேண்டும்.

களத்தில் பாறை திருப்பும் ஒளியை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சுத்தியலால் உடைத்த புதுமுகத்தில் மட்டும் வைத்துவிட்டுத் திரும்பாதீர்கள். வெயில்பட்ட வெளிமுகத்திலும் ஒருமுறை வையுங்கள்; செயற்கைக்கோள் பார்த்தது அந்த முகத்தைத்தான்.