ஒரேயடியாகவா, படிப்படியாகவா, பேட்ச்சா, மாத்திரையா?

காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறீர்கள்? எந்த வழியில் விடலாம் என்று கேட்கும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். அரை மணி நேரத்துக்குள் என்றால், உடம்பு நிக்கோட்டினுக்கு நன்றாகவே அடிமைப்பட்டிருக்கிறது. வெறும் வைராக்கியத்தை நம்பி இறங்காதீர்கள். எந்த உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

"கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன்" என்பது கேட்க நன்றாக இருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பத்தை ஐந்தாக்கினேன், அந்த ஐந்தும் முன்பைவிட ருசித்தன, மற்ற நேரமெல்லாம் அடுத்தது எப்போது என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் சுமார் 700 பேரை வைத்து நடத்தி 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் தொடாமல் இருந்தார்கள். படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 சதவீதம். இரு தரப்புக்குமே தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பேட்ச்சும் ஆலோசனையும் கிடைத்தன. ஆகவே நாள் குறித்து நிறுத்துங்கள், ஆனால் துணையோடு.

என்ன துணை? பேட்ச் மெதுவாக, நாள் முழுக்க நிக்கோட்டினைக் கசியவிடும். தினமும் பத்துக்கு மேல் பிடிப்பவர்கள் பொதுவாக 21 மில்லிகிராமில் தொடங்குவார்கள். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் திடீரென்று வரும் தவிப்பை அதனால் அடக்க முடியாது. அதற்கு நிக்கோட்டின் சூயிங்கம். விழித்த அரை மணிக்குள் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒன்றை மட்டும் நம்புவதைவிட நல்ல பலன் தருகிறது. என் ஓட்டும் இதற்கே.

சூயிங்கத்தைக் கைவிட்டவர்கள் பலர் மென்ற விதம்தான் தவறு. மிட்டாய் போல விடாமல் மென்றால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய், தொண்டை எரிந்து, விக்கல் எடுக்கும். மிளகுக் காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, பழச்சாறு வேண்டாம். வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் சரியாக உறிஞ்சப்படாது.

மாத்திரையில் வெரினிக்ளின் வலுவானது. பலனில் பேட்ச்–சூயிங்கம் கூட்டணிக்கு ஏறக்குறைய சமம். மூளையில் நிக்கோட்டின் உட்காரும் இடத்தில் இது அரைகுறையாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் தவிப்பும் தணியும், மீறிப் பிடித்தாலும் சுகம் இருக்காது. நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, 12 வாரம் எடுக்க வேண்டும். குமட்டல் வரும், சாப்பிட்ட பிறகு போட்டால் குறையும். இன்னொரு மாத்திரையான புப்ரோபியான் வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. இரண்டுக்குமே மருத்துவர் சீட்டு வேண்டும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் எந்த வழியானாலும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் முதல் வாரத்தில் காபியைப் பாதியாக்குங்கள். சிகரெட் புகை காஃபீனை உடம்பு சீக்கிரம் கரைக்கும்படி செய்யும். புகை நின்றதும் அதே இரண்டு கப் ஏறக்குறைய இரு மடங்காக வேலை செய்யும். அந்தப் படபடப்பை நிக்கோட்டின் தவிப்பு என்று நினைத்துத்தான் மூன்றாம் நாள் நான் மறுபடி பற்ற வைத்தேன்.