குட்டை ரக பேசில்: தொட்டியில் மூன்று வருடம்

சென்னையில் கிழக்குப் பார்த்த முதல் மாடி வீடு எங்களுடையது. பால்கனியில் மூன்று மண்தொட்டிகளில் கிரீக் பேசில் வளர்த்து வருகிறேன். ஓரடிக்கு மேல் உயராத ரகம். இலை சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. யாரும் கத்தரிக்காமலே பந்து போல உருண்டு நிற்கும். நம்ம ஊர் திருநீற்றுப்பச்சிலையும் இதுவும் ஒரே இனம்தான். சப்ஜா விதை தண்ணீர் பட்டதும் வழவழவென்று ஊறுமே, இதன் விதையும் அப்படித்தான். அதனால் ஆழமாகப் புதைக்காமல் மண்மேல் தூவி, லேசாக மூடி, தெளித்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும்.

முதல் வருடம் ஜூனில் விதைத்தது செப்டம்பர் வரை அவ்வளவு அழகாக இருந்தது. ஐப்பசி மழை பிடித்து பத்து நாள் ஆகியும் வெளியிலிருந்து பார்க்கப் பச்சைப் பந்துதான். ஒரு நாள் காலையில் இலைகளை இரு கையாலும் விலக்கிப் பார்த்தேன். உள்ளே இலையெல்லாம் கறுத்து, விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. புழுங்கிய ஈரத்துணி வாடை. அடித்தண்டு அழுத்தினால் அமுங்கியது. ஒரே வாரத்தில் இரண்டு தொட்டி போய்விட்டது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இந்தச் செடிக்கு அழகே அந்த அடர்த்திதான். நம் ஊர் ஈரக்காற்றில் அதற்கு எமனும் அதுவேதான். உள்ளே காற்று நுழைய வழியில்லை. இப்போதெல்லாம் செப்டம்பர் கடைசியிலேயே சின்னக் கத்தரியை உள்ளே விட்டு, நடுவில் குறுக்கே ஓடும் குச்சிகளை எடுத்துவிடுகிறேன். மண்ணைத் தொடும் இலைகளையும் கிள்ளிவிடுவேன். பந்துக்குள் அங்கங்கே வெளிச்சம் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. தண்ணீர் காலையில் மட்டும், இலைமேல் படாமல் மண்ணில். மழை மாதங்களில் தொட்டி சுவரோரம், சாரல் படாத இடத்துக்குப் போய்விடும். அப்புறம் ஒரு செடியும் அழுகவில்லை.

மண்கலவையிலும் ஒரு மாற்றம் செய்தேன். முதலில் பாதிக்குப் பாதி தேங்காய் நார்க்கழிவு போட்டிருந்தேன். மழைக்காலத்தில் அது ஈரத்தை விடவே இல்லை. இப்போது செம்மண், மண்புழு உரம், நார்க்கழிவு சம அளவு, கூடவே இரண்டு கை மணல். உரம் அதிகம் வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலை பெருக்கும், வாசனை குறைந்துவிடும். மே மாதத்தில் ஒரு தொட்டியை மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தேன், இலை வெளுத்துக் கசந்தது. பால்கனியில் பதினொரு மணி வரை வரும் வெயிலே இதற்குத் தாராளம். மாவுப்பூச்சி ஒரு முறைதான் வந்தது, வேப்பெண்ணெய்க் கரைசல் இரண்டு தடவை அடித்ததில் போய்விட்டது.

பூமொட்டு தெரிந்தவுடன் கிள்ள வேண்டும். விதை கட்டிவிட்டால் செடி ஓய்ந்துவிடும். இரண்டாம் வருடம் விதைக்காகவே ஒன்றை விட்டுவைத்தேன். பக்கத்து வீட்டில் திருநீற்றுப்பச்சிலை இருக்கிறது, தேனீ சும்மா இருக்குமா? இரண்டின் மகரந்தமும் கலந்துவிட்டது. அந்த விதையில் வந்த நாற்றில் பாதி நெடுநெடுவென்று வளர்ந்தது. அன்றிலிருந்து விதை இல்லை, போத்துதான். மூன்று அங்குலக் கிளையை வெட்டி, கீழ் இலைகளை உருவி, டம்ளர் தண்ணீரில் வைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றினால் பத்து நாளைக்குள் வெள்ளை வேர் வந்துவிடும். இன்று இருக்கும் மூன்றும் ஒரே தாய்ச்செடியின் பிள்ளைகள்.

பறிப்பதற்குத் தயங்கவே வேண்டாம். மேலே மூன்றில் ஒரு பங்கு வரை முடி வெட்டுவது போல வெட்டினால் இன்னும் தளிர்க்கும். இலையை நறுக்கும் வேலையும் இல்லை. முட்டைதோசை இறக்கும்போது அப்படியே தூவுவேன். வறுத்த வேர்க்கடலை, பூண்டு, நல்லெண்ணெய் சேர்த்து அரைத்தால் அருமையான துவையல். ஃபிரிட்ஜில் வைத்தால் கறுத்துவிடும், பூங்கொத்து போலத் தண்ணீரில் நிறுத்துங்கள். வாராவாரம் கிண்ணம் நிறைய அரைக்க வேண்டும் என்பவர்களுக்குப் பெரிய இலை ரகம்தான் சரி, இது கட்டுப்படியாகாது.

லிஸ்பனில் ஜூன் மாத அந்தோணியார் திருவிழாவுக்கு இதே போன்ற குட்டை பேசிலைத் தொட்டியோடு பரிசளிப்பார்கள். செடியில் மூக்கை வைக்காமல், உள்ளங்கையால் தடவிக் கையை மோந்து பார்ப்பதுதான் அங்கே வழக்கம். நானும் காலையில் தண்ணீர் ஊற்றும்போது அப்படித்தான் செய்கிறேன். கிராம்பும் எலுமிச்சையும் கலந்தது போன்ற அந்த வாசனை காபி குடித்து முடிக்கும் வரை கையிலேயே இருக்கும்.