6.5 கிரீட்மோரா, .308-ஆ? குழல் தேயும்வரை சுட்டால் தெரியவருபவை

தொலைதூர இலக்குக்கும் வேட்டைக்கும் ஒரே ரைஃபிள்தான் என்றால், 6.5 கிரீட்மோர், .308 வின்செஸ்டர் என்ற இரு தோட்டா வகைகளில் எங்கள் தேர்வு 6.5 கிரீட்மோர். குண்டு தட்டையாகப் பறக்கிறது என்பதற்காக அல்ல. குண்டு எவ்வளவு கீழிறங்கும் என்பது வெறும் கணக்கு. தூரத்தை லேசரில் அளந்து ஸ்கோப்பைத் திருகினால் தீர்ந்தது. காற்றை மட்டும் ஆள்தான் கணிக்க வேண்டும், அந்தக் கணிப்பு அடிக்கடி பிசகும்.

வினாடிக்கு 4.5 மீட்டர் குறுக்குக் காற்றில், 1,000 கெஜத்தில், அதாவது 914 மீட்டரில், 140 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) மேட்ச் குண்டு, அதாவது போட்டிக்கான குண்டு போட்ட கிரீட்மோர் சுமார் 2 மில் (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விலகும். 175 கிரெயின் .308 வின்செஸ்டர் 2.8 மில்லை ஒட்டிப் போகும். காற்றைக் கால்பங்கு தப்பாகக் கணித்தால் முன்னது 46 செ.மீ., பின்னது 64 செ.மீ. தள்ளிப்போகும். ஒரு மீட்டர் அகலத் தகட்டின் நடுவைக் குறிவைத்திருந்தால், ஒன்று ஓரத்திலாவது படும். மற்றது வெளியே போய்விடும்.

உதைப்பு குறைவு என்பதும் சொகுசுக்காகச் சொல்வதல்ல. துப்பாக்கி துள்ளாமல் இருந்தால் குண்டு விழுந்த இடத்தில் கிளம்பும் மண்ணை ஸ்கோப்பிலேயே பார்த்து அடுத்த குண்டைத் திருத்தலாம். தனியாகச் சுடுபவருக்கு இது பெரிய உதவி.

.308 வாங்குபவர்கள் பலர் 168 கிரெயின் பழைய மேட்ச் குண்டை எடுத்துவிடுகிறார்கள். அது 300 மீட்டர் போட்டிக்காக உருவான குண்டு. 800 மீட்டர் தாண்டி, வேகம் ஒலிவேகத்தை நெருங்கும்போது தள்ளாடத் தொடங்கும். துப்பாக்கியைக் குறை சொல்லாமல் 175 கிரெயினுக்கு மாறுங்கள்.

இனி குழல். கிரீட்மோரின் பலவீனம் இங்கேதான். .308 குழல் 5,000 குண்டுகளைச் சாதாரணமாகத் தாங்கும். கிரீட்மோரில் போட்டித் துல்லியம் 2,000 முதல் 3,000 வரைதான். ஏறக்குறைய அதே அளவு வெடிமருந்து இன்னும் குறுகலான துளை வழியே எரிந்து வெளியேறுவதால், மரை (குழலுக்குள் உள்ள சுருள் வரிகள்) தொடங்கும் தொண்டைப்பகுதி அரிக்கப்படுகிறது. அதைவிடப் பெரிய தோட்டாக் கூடு கொண்ட 6.5 பி.ஆர்.சி. என்ற தோட்டாவில் குழல் இன்னும் சீக்கிரம் தேயும். வாரந்தோறும் நூறு குண்டு சுடுபவர் .308-இல் இருப்பதே மேல். 500 குண்டுக்கு ஒருமுறை, குண்டு மரையைத் தொடும் நீளத்தை அளந்து எழுதிவையுங்கள். அந்த எண் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதே குழலின் உண்மையான வயது.

குழல் போய்விட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் கார்பன் வளையத்தைப் பாருங்கள். சில நூறு குண்டுகளில், கூட்டின் வாய்க்குச் சற்று முன்னால் கரி இறுகி வளையமாகப் படியும். திடீரென வேகம் கூடும், போல்ட்டை (குழலின் பின்புற அடைப்பு) திறப்பது கடினமாகும், பிரைமர் (கூட்டின் அடியில் உள்ள தீமூட்டி) தட்டையாகும். தோட்டாவின் கோளாறு என்று நினைத்து மருந்தைக் குறைப்பது தவறு. கார்பன் கரைப்பானில் கால் மணி நேரம் ஊறவிட்டு, வெண்கலத் தூரிகையால் தேய்த்து, குழலுக்குள் பார்க்கும் கேமராவான போர்ஸ்கோப்பில் சரிபாருங்கள். புதுக் குழலிலும் முதல் 100 - 200 குண்டுகளில் வேகம் சற்று ஏறும். தூர அட்டவணையை அது நிலைத்தபின் போடுங்கள்.

வேட்டைக்கு மேட்ச் குண்டு வேண்டாம். அது உடலுக்குள் எப்படி விரியும் என்று உறுதி கிடையாது. ஈயமும் கவசமும் பிரியாமல் ஒட்டிய ஒட்டுக்கவசக் குண்டுகள் பலவும் நன்றாக விரிய, படும்போது வினாடிக்கு 550 மீட்டர் வேகமாவது வேண்டும். 24 அங்குலக் குழலில் 143 கிரெயின் கிரீட்மோர் அந்த வேகத்தை 600 மீட்டரைத் தாண்டித்தான் இழக்கிறது. குழல் 20 அங்குலம் என்றால் அதற்கும் முன்பே. நாங்கள் மானுக்கு 300 மீட்டரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வோம். 450 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு அரை வினாடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தால் குண்டு வயிற்றில் படும், மான் துடித்துச் சாகும். காட்டெருமை போன்ற பெரிய உருப்படிகளுக்குக் கிரீட்மோர் போதாது; .375 எச் அண்ட் எச் மேக்னம் பக்கம் போங்கள்.

மேட்ச் குண்டுக்குச் சீர்செய்த ஸ்கோப்பை நம்பி வேட்டைக் குண்டு போடாதீர்கள். 100 மீட்டரிலேயே சில செ.மீ. மாறும். இரண்டுக்கும் தனித்தனிச் சீரமைப்பு எண் குறித்து, குளிர்ந்த குழலின் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.