மயக்க மருத்துவருக்காகவே இந்த மருத்துவமனைக்குப் போகலாம்

என் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் முதுகெலும்பு வாதம் அவர் கழுத்தை முன்பக்கமாக வளைத்து இறுக்கிவிட்டது. மல்லாந்து படுத்தால் தலை கட்டிலைத் தொடாது. பித்தப்பைக் கல்லுக்காக முதலில் போன இடத்தில் ஸ்கேன் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், அறுவைக்குத் தேதியும் குறித்தார்கள். கழுத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை. நாகர்கோவிலில் உள்ள இந்த மருத்துவமனைக்கு அழைத்து வந்தேன்.

இங்கே தேதி குறிப்பதற்கு முன்பே மயக்க மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். அவர் அப்பாவின் விரல்களையே பல்வரிசைகளுக்கு நடுவே வைக்கச் சொன்னார். மூன்று விரல் நுழைய வேண்டும், இரண்டுதான் நுழைந்தது. நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மல்லம்பாட்டி என்ற மருத்துவர் 1985-இல் வெளியிட்ட சோதனையாம் இது. கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடிக்கச் சொன்னார். அண்ணாந்து பார்க்கச் சொன்னபோது அப்பாவின் கண்கள் மட்டும் மேலே போயின, தலை அசையவில்லை.

பிறகு என்னிடம் அல்ல, அப்பாவிடமே பேசினார். "ஐயா, மயக்க மருந்து கொடுத்தால் உங்கள் மூச்சு நின்றுவிடும். உடனே மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டும். உங்கள் கழுத்து சாயாததால் வாய் வழியாகப் பார்த்தால் குரல்வளை தெரியாது. அதனால் நீங்கள் விழித்திருக்கும்போதே போட்டுவிடுகிறேன்." முழு மயக்கத்துக்குப் பதில் முதுகில் மரத்துப்போகும் ஊசி போட முடியாதா என்று கேட்டேன். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தசைநார்களும் எலும்பாகிவிடும் நோய் இது, ஊசி இறங்குவதே சிரமம் என்றார்.

அறுவை அன்று மூக்கில் சொட்டு மருந்து விட்டு, மரத்துப்போகும் மருந்தை ஆவியாக உள்ளிழுக்க வைத்திருக்கிறார்கள். தொண்டையில் ஸ்ப்ரே அடித்தபோது ஒரே கசப்பு, நாக்கு தடித்துவிட்டது என்றார் அப்பா. நுனியில் கேமரா உள்ள மெல்லிய வளையும் கருவியை மூக்கு வழியே செலுத்தி, அதன்மேல் டியூபை இறக்கியிருக்கிறார்கள். தேவைப்பட்டால் மூச்சுக்கு வழி செய்யக் கழுத்தில் துளையிட, காது மூக்கு தொண்டை மருத்துவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். டியூப் சரியான இடத்தில் இருப்பதை உறுதி செய்த பிறகே மயக்கம். முடிந்த பிறகும், நன்றாக விழித்துச் சொன்னதைச் செய்யும்வரை டியூபை எடுக்கவில்லை.

வீட்டுக்குப் புறப்படும்போது தனியாக ஒரு கடிதம் தந்தார்கள். எதனால் சிரமம், எந்த முறை பலித்தது, எந்த அளவு டியூப் என்று எல்லாம் அதில் இருக்கிறது. எங்கே அறுவை என்றாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்றார் மருத்துவர். லேமினேட் செய்து, மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு வைத்திருக்கிறேன். ஆனால் அது முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்பாவுக்கும் புரியும்படி தமிழில் நான்கு வரி சேர்த்தே ஆக வேண்டும்.

காத்திருப்பு அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். பழைய அறுவைச் சீட்டுகள் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். ஆடும் பல், பல்செட், குறட்டை எதையும் விடாமல் மயக்க மருத்துவரின் அறையிலேயே சொல்லிவிடுங்கள்.